கொடிமேடையில் செருப்பைக் கழற்றியவர்

என் வேலைக்கு இப்போது வந்திருக்கிற பெண் போன மாதம் போனில் கூப்பிட்டாள். ஆஸ்பத்திரியில் புதிதாக ஒரு விதி போட்டிருக்கிறார்களாம். உள்ளே வருகிற ஒவ்வொரு மிலிட்டரிக்காரரிடமும் டோக்கன் கொடுக்கும்போது, "உங்கள் சேவைக்கு நன்றி ஐயா" என்று சொல்ல வேண்டுமாம். சுவரிலும் எழுதி ஒட்டிவிட்டார்களாம்.

"சொன்னா ஒருத்தரும் சந்தோசப்படறதில்லீங்க ஆயாம்மா. பாதிப் பேரு வேற பக்கம் பாக்கறாங்க. நேத்து ஒரு சுபேதார் ஐயா, 'அது கெடக்குது கண்ணு, டோக்கன் நம்பரச் சித்த முன்னால தள்ளிப் போடு'ங்கறாரு. இன்னொருத்தரு 'எதுக்கு?'ன்னு கேட்டுட்டு எம்மொகத்தையே பாத்துட்டு நிக்கறாரு. எனக்கு வெடவெடன்னு வந்துருச்சுங்க. நீங்க பதினெட்டு வருசம் இருந்தீங்களே, அவுங்களுக்கு என்னதானுங்க வேணும்?"

எனக்குப் போனில் பேச வராது. ஆளின் முகம் பார்த்தே பேச வராது. "எளுதி அனுப்பறேன் கண்ணு" என்று வைத்துவிட்டேன். ஐந்தாம் வகுப்போடு நின்ற கை. ஆனாலும் இதை வாயால் சொல்வதைவிட எழுதுவதுதான் எனக்குச் சுலபம். எழுதும்போது யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

கோயமுத்தூரில், முன்னாள் படைவீரர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் மருந்து கொடுக்கிற சின்ன ஆஸ்பத்திரி அது. நான் காலையில் டோக்கன் கொடுத்துவிட்டு, கட்டுப்போடும் அறையில் உதவிக்கு இருந்தேன். அதற்கு முன் பஞ்சு மில்லில் வேலை. மில்லை மூடியதும் யாரோ சொல்லி இங்கே வந்தேன். வேலை பழகியது ஒரு வாரம். அந்த ஒரு வாரமும் மத்தியானச் சோறு இறங்கவில்லை. சீழ் வாடை மூக்கைவிட்டுப் போகாது. பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்களுக்கு என் சேலையில் அது அடிக்குமோ என்று பயந்து நின்றுகொண்டே வீடு வருவேன்.

எனக்கு வேலை சொல்லிக் கொடுத்தது பெரிய சிஸ்டர். மார்த்தாண்டம் பக்கத்துக்காரர். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. சத்தம் போடுகிறவர்களிடம் எனக்கு அவ்வளவு பயம் வராது, மில்லில் பழகிவிட்டது. இவர் வேறு. ஏதாவது தப்பு நடந்துவிட்டால் கைக்கடிகாரத்தைக் கழற்றித் தட்டின் ஓரத்தில் வைப்பார். பிறகு ஒரு கேள்வி கேட்பார். பதில் வராவிட்டால் அதே கேள்வியை, அதே குரலில், அதே மெதுவில் மறுபடியும் கேட்பார். மூன்றாவது முறை கேட்டதில்லை. இரண்டாவது முறைக்கே எல்லோரும் சொல்லிவிடுவார்கள்.

அவருடைய விதிகள் எனக்கு இன்றும் வரிசை தப்பாமல் வரும். பழைய கட்டைப் பிடுங்கக் கூடாது. உப்புத் தண்ணீர் ஊற்றி, துணி தானாக விடும்வரை காத்திருக்க வேண்டும். புண்ணைப் பார்ப்பதற்கு முன் அவிழ்த்த துணியைப் பார்க்க வேண்டும், நிறம் என்ன, வாடை என்ன என்று. சர்க்கரை வியாதிக்காரர் செருப்பை மாட்டுவதற்கு முன் நம் கையை உள்ளே விட்டுத் துழாவ வேண்டும். சின்னக் கல் கிடந்தாலும் அவருக்குத் தெரியாது. கால் மரத்துப்போயிருக்கும். நாள் முழுக்க அந்தக் கல்லின் மேல் நடப்பார், சாயங்காலம் ஓட்டையோடு வந்து நிற்பார்.

"வலிக்கிறவங்களப் பத்திக் கவலையில்ல. வலிக்காதவங்களத்தான் பார்த்துக்கணும்" என்பார் சிஸ்டர்.

நாச்சிமுத்து அண்ணன் வலிக்காதவர்.

பொள்ளாச்சி ரோட்டில் எங்கள் ஊருக்கு அடுத்த ஊர் அவருக்கு. பதினேழு வருசம் மிலிட்டரியில் இருந்தவர். வாரத்துக்கு மூன்று நாள் நான் ஏறுகிற பஸ்ஸிலேயே கட்டு மாற்ற வருவார். ஷூ எப்போதும் மின்னும். வலது உள்ளங்காலில் எட்டணாக் காசு அகலத்தில் ஒரு புண். இடது காலில் ஒன்றும் இல்லை. ஆனால் இரண்டு காலிலும் உணர்ச்சி கிடையாது. அதைச் சோதிக்க சிஸ்டர் ஒரு கெட்டியான நைலான் இழை வைத்திருப்பார். கண்ணை மூடச் சொல்லி, அதால் பாதத்தைத் தொட்டு, தெரிகிறதா என்று கேட்க வேண்டும்.

"தெரியுதா?"

"தெரியுதுங்க சிஸ்டர்!"

"நான் இன்னும் தொடவே இல்ல."

எல்லோரும் சிரித்துவிட்டோம். அண்ணனும் கண்ணை மூடியபடியே சிரித்தார். கேள்வி வந்தால் உடனே "ஆமாம்" என்று சொல்லிப் பழகிய ஆள். எனக்கு அந்தச் சிரிப்புக்கு நடுவிலேயே பயம் வந்தது. அவர் சொல்லும் எந்த "ஆமாம்" நிஜம் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

மிலிட்டரியில் அவர் சமையல்காரர். இதை எங்கள் ஆஸ்பத்திரியில் எல்லோரும் அறிவோம். வலது முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை ஒரு தழும்பு உண்டு. பூரி போடும்போது எண்ணெய்ச் சட்டி சாய்ந்ததால் வந்தது. ஊரில் யாருக்கும் இது தெரியாது என்று அந்த வெள்ளிக்கிழமைதான் எனக்குத் தெரிந்தது.

சித்திரை மாச வெயில். அறையில் நாங்கள் இருவர் மட்டும். துணி ஊறிக்கொண்டிருந்தது. அண்ணன் சட்டைப்பையிலிருந்து ஒரு மஞ்சள் நோட்டீஸை எடுத்து நீட்டினார். எங்கள் இரண்டு ஊருக்கும் பொதுவான பள்ளிக்கூடத்தில் மறுநாள் ஆண்டு விழா. கொடியேற்றுகிறவர் அவர்தான். பெயருக்குக் கீழே கொட்டை எழுத்தில், "தாய்நாட்டுக்காகக் குண்டடிபட்ட கரம்" என்று அடித்திருந்தது.

நான் தழும்பைப் பார்த்தேன். அவர் அதைச் சட்டைக் கையால் மூடினார்.

"முந்தின வருசம் எல்லையில நின்னாருன்னு மைக்குல சொன்னாங்க. செரி, எல்லையிலதானே நானும் சப்பாத்தி போட்டேன்னு உட்டுட்டனுங்க. போன வருசம் துப்பாக்கி புடிச்சாருன்னாங்க. இந்த வருசம் குண்டே பாஞ்சுபோச்சு. அடுத்த வருசம் என்னயக் கொன்னே போடுவாங்க போல."

"நீங்க சொல்லிப்போடலாமல்லங்ண்ணா?"

"யாருகிட்டீங்க அம்மணி? மைக்கு அவுங்க கையில இருக்குது. கொழந்தைக எல்லாம் எந்திரிச்சு நின்னு நன்றி சொல்லுது. அதுககிட்டப் போயி, நான் பூரி சுட்டவன்னு சொல்றதா?"

"போவாம இருந்துக்கலாமல்லங்க?"

"போகலைன்னா ஏன் போகலைன்னு கேப்பாங்க." நோட்டீஸை மடித்துப் பையில் வைத்தார். "மேல எல்லையில இருந்தப்ப பயமில்லாம இல்லீங்க. ராத்திரியெல்லாம் மலை இடியற மாதிரி குண்டுச் சத்தம் வரும். ஆனா அங்க எல்லாரும் பயந்தமுங்க. பயமா இருக்குதுன்னு ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கிட்டுத்தான் மாவு பெசைவோம். இத யாருகிட்டச் சொல்றதுங்க?"

என்னிடம் சொல்லிவிட்டார். நான் என்ன செய்வது என்று தெரியாமல் துணியில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றினேன். புண் ஏறக்குறைய மூடியிருந்தது. சிஸ்டர் வந்து பார்த்துவிட்டு, "வெறுங்காலோட ஒரு அடி வைக்கக் கூடாது. வீட்டுக்குள்ளயும்தான்" என்றார். அண்ணன் "யெஸ் சிஸ்டர்" என்றார்.

மறுநாள் நானும் பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தேன். என் தங்கை மகள் அங்கே சத்துணவு சமைக்கிறாள். விழாச் சாப்பாட்டுக்குக் கை வேண்டும் என்று கூப்பிட்டிருந்தாள். சமையற்கட்டு வாசலில் உட்கார்ந்து கத்தரிக்காய் நறுக்கினால் கொடிக்கம்பம் நேரே தெரியும்.

கம்பத்தைச் சுற்றி அந்த வருசம்தான் புது மேடை கட்டியிருந்தார்கள். யாரோ உபயம். மேலே வழவழவென்று கறுப்பு கிரானைட். கோழி குறுக்கே ஓடினால் அதன் உருவம் உள்ளே தெரியும்.

ஒன்பது மணிக்கு என்று போட்டிருந்த கொடியேற்றம் பதினொன்றுக்குத்தான் வந்தது. விருந்தாளி ஒருவரின் கார் வரவில்லை. அண்ணன் வெள்ளைச் சட்டை, இஸ்திரி போட்ட கால்சட்டை, மெடலெல்லாம் குத்தி, மின்னுகிற ஷூவோடு மேடைப் படியில் கால் வைத்தார்.

"ஏனுங்க, செருப்ப அக்கட்டால உட்டுப்போடுங்க. கொடி ஏத்தறமல்லங்க" என்றார் பள்ளிக்கூடக் கமிட்டித் தலைவர்.

எங்கள் பக்கம் அப்படித்தான். குத்துவிளக்கு ஏற்றினாலும் கொடி ஏற்றினாலும் காலில் ஒன்றும் இருக்கக் கூடாது. மிலிட்டரியில் நேர் எதிர். பூட்ஸ் பளபளக்காவிட்டால்தான் கொடிக்கு மரியாதைக் குறைவு. அண்ணன் ஒரு நொடி தயங்கினார். முந்தின வருசங்களில் மண்தரைதான், அதுவும் வேப்பமர நிழல். அப்போதும் கழற்றியிருப்பார், ஒன்றும் ஆகியிருக்காது. இப்போது மேடைக்காக அந்த மரத்தை வெட்டியிருந்தார்கள். அவர் படியில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினார். காலுறையையும் கழற்றினார். வலது காலில் நான் முந்தின நாள் போட்ட கட்டு. இடது கால் வெறுங்கால்.

எனக்குக் கை நின்றுவிட்டது.

கொடி ஏறியது. சல்யூட் வைத்தார். அதோடு இறங்கிவிடுவார் என்று பார்த்தேன். கமிட்டித் தலைவர் பந்தல் நிழலில் நின்றபடியே மைக்கைப் பிடித்து, "ஐயா அங்கயே நில்லுங்க, எல்லாரும் பாக்கட்டும்" என்று நன்றியுரையை ஆரம்பித்துவிட்டார். எல்லையில் நின்றதிலிருந்து தொடங்கினார். அண்ணன் விறைப்பாக நின்றார். கூட மேடையில் நின்ற தலைமையாசிரியர் கால் மாற்றிக் கால் மாற்றி நின்று பார்த்தார். பிறகு செருமிக்கொண்டே நைசாக இறங்கி நிழலுக்குப் போய்விட்டார். செருப்பை மாட்டும்போது அவர் பாதத்தைத் தூக்கிப் பார்த்துக்கொண்டதையும் பார்த்தேன். அண்ணனுக்கு மட்டும் ஒன்றும் தெரியவில்லை. தெரியாது.

எழுந்து போனேன். கூட்டத்தை நிறுத்தக் கயிறு கட்டியிருந்த இடம்வரை போனேன். அங்கிருந்து மேடைக்கு இருபது தப்படி இருக்கும். "அண்ணா, கீழ எறங்குங்க, கால் வெந்துபோகும்" என்று ஒரு சத்தம். அவ்வளவுதான் வேண்டும். நானூறு பேர் இருந்தார்கள். வாயைத் திறந்தேன், மூடிக்கொண்டேன். கூப்பிட்டால் எல்லாத் தலையும் திரும்பும். யார் இந்தக் கிழவி என்பார்கள். என்ன கால், என்ன வியாதி என்று மைக்கிலேயே கேட்பார்கள். போட்டோக்காரப் பையன் என்னைப் பார்த்துக் கையை ஆட்டினான்.

"ஏனுங்காத்தா, சித்தத் தள்ளி நில்லுங்க. போட்டோவுல உளுகறீங்க."

தள்ளி நின்றேன். பதினெட்டு வருசத்தில் நான் செய்த வேலையெல்லாம் ஒரு பக்கம், அந்த ஓரடி தள்ளி நின்றது ஒரு பக்கம்.

எவ்வளவு நேரம் பேசினார்கள் என்று சொல்லத் தெரியவில்லை. நான் போகும்போது அடுப்பில் நறுக்கென்று இருந்த பருப்பு, திரும்பி வந்து பார்க்கையில் குழைந்து அடிப்பிடித்திருந்தது. குழந்தைகள் எழுந்து மூன்று முறை நன்றி என்று கத்தின. அண்ணனுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அவர் எல்லோர் தலைக்கும் மேலே எங்கோ தென்னந்தோப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இறங்கி, காலுறையை மாட்டி, ஷூவை மாட்டி, அவர்களோடு சாப்பிடப் போய்விட்டார்.

கூட்டம் நகர்ந்தபின் மேடையருகே போனேன். கல்லின் மேல் இடது பாதத்தின் அச்சு இருந்தது. ஈரமாக. நான் பார்க்கப் பார்க்கவே காய்ந்தது.

அப்போதாவது அவர் வீட்டுக்குப் போய்ச் சொல்லியிருக்கலாம். சனி சாயங்காலம் இருந்தது, ஞாயிறு முழுக்க இருந்தது. போகவில்லை. போனால், பார்த்துக்கொண்டு நின்றாயா என்று கேட்பார்களே என்ற பயம். ஒன்றும் ஆகியிருக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு துணி துவைத்தேன்.

திங்கட்கிழமை பஸ்ஸில் அண்ணன் ஜன்னலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். "நேத்திருந்து காச்சலுங்க அம்மணி. வெயில்ல நின்னது" என்றார். வெறுங்காலோடு இருக்கக் கூடாது என்றதால் சனிக்கிழமை மாட்டிய காலுறையை அவர் கழற்றவே இல்லையாம். ஆஸ்பத்திரியில் இடது கால் காலுறை கழலவில்லை. தோலோடு ஒட்டியிருந்தது. தண்ணீர் ஊற்றினேன். காத்திருந்தேன். துணி விட்டபோது உள்ளங்கால் தோல் அதோடு வந்துவிட்டது.

சிஸ்டர் பார்த்தார். கைக்கடிகாரத்தைக் கழற்றித் தட்டின் ஓரத்தில் வைத்தார். அண்ணனிடம் கேட்டார். அவர் நடந்ததைச் சொன்னார், கல்லைப் பற்றி, பேச்சைப் பற்றி. என்னைப் பற்றிச் சொல்லவில்லை. ஆனால் சிஸ்டர் என் முகத்தைப் பார்த்துவிட்டார்.

"பழனாத்தா, நீ அங்க இருந்தியா?"

நான் கிண்ணத்தைப் பார்த்தேன்.

"பழனாத்தா, நீ அங்க இருந்தியா?"

"இருந்தேனுங்க."

திட்டுவார் என்று தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றேன். அவர் கடிகாரத்தை எடுத்துக் கட்டிக்கொண்டார். "கையக் கழுவிட்டு வா. வேலை இருக்கு" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பதில் அறைந்திருக்கலாம்.

பிறகு பேனாவை எடுத்து, பாதத்தின் மேல் சிவந்திருந்த இடத்தின் ஓரத்தோடு ஒரு கோடு வரைந்தார். சிவப்பு இந்தக் கோட்டுக்குள் நின்றால் தப்பித்தோம். தாண்டினால் விஷம் ஏறுகிறது என்று அர்த்தம். எதுவரை ஏறுகிறதோ அதுவரை எடுக்க வேண்டி வரும். விரலோடு நிற்கலாம், முழங்காலும் ஆகலாம். ஊசி போட்டு, உள்ளேயே ஒரு கட்டிலில் படுக்க வைத்து, தினமும் கட்டு மாற்றினார்கள். காலையில் முதலில் அவிழ்க்க வேண்டியவள் நான்.

செவ்வாய், கோட்டுக்குள் இருந்தது. புதன், உள்ளேதான். கட்டை அவிழ்க்கும்போது நான் முதலில் கண்ணை மூடிக்கொள்வேன். அப்புறம் ஓரக்கண்ணால் பார்ப்பேன். அண்ணன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். அவருக்குக் காலிலிருந்து ஒரு சேதியும் வராது, என் முகத்திலிருந்துதான் வர வேண்டும்.

அவர் மனைவி கால்மாட்டில் உட்கார்ந்திருப்பார். "கமிட்டிக்காரங்க ஊட்டுக்கு வந்துட்டுப் போனாங்களாக்கு. நன்றின்னு எளுதி ஒரு கேடயம் குடுத்திருக்கறாங்க. அதக் கால்ல கட்டிட்டு நடக்கச் சொல்லோணும் இந்த மனுசன" என்றார்.

"சும்மா இரு" என்றார் அண்ணன்.

"நான் சும்மாதான் இருக்கறன். நீங்கதான் சும்மா இருக்காம அடுப்பாட்டம் கொதிக்கற கல்லு மேல போயி நின்னீங்க. பூரி வெந்தா உங்களுக்குத் தெரியும், கால் வெந்தாத் தெரியாது."

வெள்ளிக்கிழமை அவிழ்த்தபோது, சுண்டுவிரலுக்குக் கீழே சிவப்பு கோட்டைத் தாண்டியிருந்தது. அரை விரற்கடைதான். அண்ணன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "செரிங்க அம்மணி, சிஸ்டரக் கூப்புடுங்க" என்றார்.

பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். எதுவரை எடுப்பார்கள் என்று உள்ளே போனபின்தான் தெரியும் என்றார்களாம். அந்த நாலு ராத்திரியும் நான் சரியாகத் தூங்கவில்லை. போன் அடித்தால் எடுக்கமாட்டேன், மருமகளை எடுக்கச் சொல்வேன். செவ்வாய்க்கிழமை சிஸ்டரே கட்டுப்போடும் அறைக்கு வந்து, "ரெண்டு விரலோட நின்னுருச்சு" என்றார். நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். சந்தோசத்தில் இல்லை. இரண்டு விரல் போனதைக் கேட்டுக் கும்பிடத் தோன்றியதே, அதில்.

ஒன்றரை மாதம் கழித்து, கைத்தடியோடு கட்டு மாற்ற வந்தார். வெளி பெஞ்சில் எட்டுப் பத்துப் பேர் உட்கார்ந்திருந்தார்கள், எல்லோரும் மிலிட்டரிக்காரர்கள். நான் தட்டோடு போனேன். அவரே பேச்சை எடுத்தார்.

"அம்மணி, நீங்க அன்னைக்குக் கயித்தோரம் வந்து நின்னதப் பாத்தனுங்க."

தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"வாயத் தொறந்தீங்க. கூப்புடப் போறீங்கன்னு பயந்துபோயிட்டனுங்க. கூப்புட்டிருந்தா நான் எறங்கியிருக்கோணும். அத்தன சனத்துக்கு முன்னால கால், சர்க்கரை, அப்பறம் கையி, எண்ணெய், எல்லாம் வெளிய வந்திருக்கும். நீங்க எம்பட மானத்தக் காப்பாத்தித்தானே பேசாம நின்னீங்க." தடியை மடியில் வைத்துவிட்டு இரண்டு கையையும் சேர்த்தார். "ரொம்ப நன்றிங்க."

நான் அவர் மானத்துக்காக நிற்கவில்லை. என் கூச்சத்துக்காக நின்றேன். போட்டோவில் விழக் கூடாது என்று தள்ளி நின்றேன். அவர் மனதில் இருந்தவள் வேறு யாரோ ஒரு நல்லவள். அவளுக்குக் கும்பிட்ட கை எனக்கு நேரே நின்றது. அதை வாங்கிக்கொண்டு தலையாட்டிவிட்டு வந்திருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. உடம்பெல்லாம் கூசியது, சீழைத் தொட்டபோதுகூட அப்படிக் கூசியதில்லை.

"வேண்டாமுங்க! எனக்குச் சொல்லாதீங்க!"

என் குரல்தான். அவ்வளவு சத்தமாக என்னிடமிருந்து வரும் என்று எனக்கே தெரியாது. பெஞ்சில் இருந்த எல்லாத் தலையும் திரும்பியது. உள்ளேயிருந்து சிஸ்டர் எட்டிப் பார்த்தார். எனக்கு முகம் எரிந்தது. ஆனாலும் ஓடவில்லை. "பயந்துட்டுத்தான் பேசலீங்க அண்ணா. வேறொண்ணுமில்லீங்க" என்றேன்.

அண்ணன் சேர்த்த கையை மெதுவாகப் பிரித்துக் கீழே இறக்கினார். பெஞ்சில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. பக்கத்தில் இருந்த பெரியவர் நகர்ந்து எனக்கு இடம்விட்டார்.

"செரிங்க அம்மணி, சொல்லலீங்க" என்றார் அண்ணன். "உக்காருங்க. எனக்கும் பயமாத்தான் இருக்குது. அவுத்துப் பாருங்க."